அப்பாகிட்டப் போலாம்

செல்வக்கனியின் தூக்குவாளி வரிசையில் நாலாவதாக இருந்தது. முன்னால் ஒரு கோதுமைப் பை, ஒரு தகரச் சம்படத்தில் பச்சரிசி, சிந்தாமணி மதினியின் மல்லி, அப்புறம்தான் இவளுடைய மிளகாய் வத்தல். ஆள் நிற்க வேண்டாம், சாமான் நின்றால் போதும் என்பது சுடலைமணி அண்ணாச்சி மாவு மில்லில் வழக்கம். ஆனாலும் இவள் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றாள். விட்டால் அது எழுந்து ஓடிவிடும் என்கிற மாதிரி அதன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இடது கை. எட்டு மாதமாக அந்தக் கை ஒரு சின்ன மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்தே பழகிவிட்டது. வெறுமனே தொங்கவிட்டால் அதுவாகவே மூடிக்கொள்கிறது. மணி பத்து. பத்து மணிக்கு அவள் இருக்க வேண்டிய இடம் இது இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில், மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே பியூலா இருப்பாள். ஒன்பது வயசு, ஒரே மகள். வகுப்புக்குள் அவள் எழுந்து நடந்தால் இவள் வெளியே எழுந்து நிற்பாள், அவள் உட்கார்ந்தால் இவளும் உட்காருவாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். "நீங்க ஜன்னலுக்குக் கீழ இருக்கது வரைக்கும் பிள்ளை ஜன்னலைத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கும். புது ஸ்பெஷல் டீச்சர் வந்திருக்காங்கள்லா, அவங்க பாத்துக்கிடுவாங்க. போங்க, போய் ஒங்க வேலையப் பாருங்க." என்ன வேலை? தனக்கென்று என்ன வேலை இருந்தது என்பதே மறந்து போயிருந்தது. தெரு முனை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு மில் சத்தம் கேட்ட பிறகுதான் வத்தல் ஞாபகம் வந்தது. இந்தச் சத்தம் பியூலாவுக்கு ஆகாது. நாலு வீடு தள்ளி வரும்போதே காதைப் பொத்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். அதனால் எட்டு மாதமாகக் கடைப் பாக்கெட் பொடிதான், குழம்பில் மணமே கிடையாது. இன்றைக்கு வீட்டுப் பொடி. அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். சந்தோஷம் வரவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருந்தது.

"என்னட்டி செல்வக்கனி, இன்னைக்கு வாட்ச்மேன் டூட்டி இல்லியா?" மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள் சிந்தாமணி மதினி.

"லீவு குடுத்துட்டாவ மதினி."

"ஆரு, ஒம் மவளா?"

"பெரிய டீச்சரு."

"நல்லதுக்குத்தான். ஒனக்கும் நாலு எடம் போவ வரக் கொள்ளாம்லா. வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டாவ, பாத்தியா? நேத்துச் சாயங்காலம் மடை தொறந்தது. இடுப்பளவுக்கு வருது. நாளைக்கு வா, போர்வை கீர்வை எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயி அடிச்சித் தொவச்சிப் போட்டுருவோம்."

"வாரேன் மதினி" என்று இவள் சொன்னது மிஷினுக்குள் போய் அரைந்துவிட்டது.

தண்ணீரைப் பார்க்காமல் எப்படி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியே வாய்க்கால் பாலத்தின் மேல்தானே. காலையில் பாலத்தில் பியூலா நின்றுவிட்டாள். நேற்று வரை கோரையும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடந்த வாய்க்கால் மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. விரல்களைக் கண்ணுக்கு முன்னால் வைத்து ஆட்டினாள், ஆசை வந்தால் அப்படித்தான் ஆட்டுவாள். "அப்பா" என்றாள். இன்னொரு தரம், "அப்பா". எட்வின் மஸ்கட்டுக்குப் போய் எட்டு மாதம். டாக்டரிடம் காட்டியும், பாளையங்கோட்டைக்கு வாரம் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிப்போயும் 'அம்மா, அப்பா' என்று ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கூப்பிடாத பிள்ளை, தகப்பன் போன பிறகு 'அப்பா அப்பா' என்கிறாள். குளிக்கும்போது சொல்கிறாள். மழைக்குச் சொல்கிறாள். போன மாதம் போனில் இதை எட்வினிடம் சொன்னாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "இன்னொரு தடவ சொல்லு, என்ன சொன்னா?" என்றான். இவள் சொன்னாள். "இன்னொரு தடவ" என்றான். அவன் படுக்கிற அறையில் பதினோரு பேர், அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறான், எம் மவ என்னயத் தேடுதா என்று. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அங்கே வெயிலில் நிற்கிறான் மனுஷன். சரி, இருக்கட்டும். புது டீச்சர் பேர் சங்கரி, சின்னப் பெண், மதுரைப் பக்கம், பச்சைப் பேனா வைத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்தால் நல்ல மாதிரி தெரிகிறது. பியூலாவின் கையை வாங்கும்போது இழுக்கவில்லை, தன் கையை நீட்டிக் காத்திருந்தாள். அதுவே பெரிய காரியம்.

டாக்டர் 'ஆட்டிசம்' என்று சொன்ன அன்றைக்கு இவளுக்கு அது ஒரு ஊர்ப் பேர் மாதிரிக் கேட்டது. அங்கே போய்விட்டுத் திரும்பலாமா என்று கேட்கத் தோன்றியது. பிறகுதான், பிள்ளை அங்கேயே பிறந்தவள், நாம்தான் வழி படிக்க வேண்டும் என்று புரிந்தது. படித்தாள். பியூலாவுக்கு வார்த்தை பொருளோடு ஒட்டாது. அது முதலில் காதில் விழுந்த அன்றைக்கு என்ன நடந்ததோ, அதோடு ஒட்டிக்கொள்ளும். பாளையங்கோட்டை பஸ்ஸில் ஒருநாள் உட்கார்ந்தபடியே ஒன்றுக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் "எறங்கு எறங்கு" என்று கத்தினான். அன்றிலிருந்து ஒன்றுக்கு வந்தால் 'எறங்கு எறங்கு' என்பாள். ஒருநாள் கரண்ட் போய்த் தெருவே இருண்டு கிடந்து, வந்ததும் எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். அதிலிருந்து சந்தோஷம் என்றால் 'கரண்டு வந்துட்டு'. இதையெல்லாம் ஆறாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தில், நாற்பது பக்க நோட்டில், நாலு நாள் உட்கார்ந்து எழுதிக் காலையில் டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள். முதல் வரி, 'கய்ய விடாதிங்க'. அடியில் இரண்டு கோடு. ஒரு வார்த்தையை மட்டும் எழுதவில்லை. அதை எழுதக் கூச்சமாக இருந்தது. வீட்டு வாசல் கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் உண்டு. பியூலா ஓடிவிடக்கூடாது என்று, "அம்மா போட்டாச்சு, அம்மா போட்டாச்சு" என்று சொல்லிச் சொல்லி இவள் அதைப் போடுவாள். அதனால் பியூலாவுக்கு 'அம்மா' என்றால் தாழ்ப்பாள். பள்ளிக்கூடத்துப் பின்கதவுத் தாழ்ப்பாளையும் தடவிப் பார்த்து 'அம்மா' என்பாள். பெற்றவள் பேரைப் பூட்டுக்கு வைத்துவிட்டாள் என்று ஒரு டீச்சரம்மாவுக்கு எப்படி எழுதுவது? சிரிப்பார்கள். இல்லை, சிரிக்க மாட்டார்கள், ஐயோ பாவம் என்பார்கள். அதைத்தான் இவளால் தாங்க முடியாது.

கோதுமை முடிந்து பச்சரிசி விழுந்தது. பெல்ட்டு ஓடுகிற சத்தம் மாறியது. பின்கதவு. ஏன் இப்போது பின்கதவு ஞாபகம் வருகிறது? அந்த இரும்புக் கதவு சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, திறந்தால் வாய்க்கால் படித்துறை. சமைக்கிற பொன்னம்மாக்கா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போவாள், வருவாள், ஒருநாளும் தாழ்ப்பாள் போட மாட்டாள். இவள்தான் வராந்தாவிலிருந்து எழுந்து போய்ப் போட்டுவிட்டு வருவாள். ஒருநாளைக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை. "எங்க மாமியாகூட இப்படிப் பூட்டலட்டி" என்பாள் பொன்னம்மாக்கா. இன்றைக்கு யார் போடுவார்கள்? யாருக்கும் தெரியாது. இவள் போட்டுக்கொண்டிருந்ததே யாருக்கும் தெரியாது. சே, வகுப்பறைக்குள்தானே இருப்பாள், டீச்சர் பக்கத்தில்தானே இருக்கிறாள், பெரிய டீச்சர் சொன்ன மாதிரி நான்தான் ஜன்னல், நான்தான் பிள்ளையைக் கெடுக்கிறேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள், வத்தல் அரைக்கிற நேரம்தானே. செல்வக்கனி வயர்கூடையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இந்தச் சத்தத்தில் அடித்தாலும் கேட்காது என்று கையிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் போன். அண்ணாச்சி மதினியின் மல்லியைக் கவிழ்த்தார். வாசனை வந்தது. நல்ல வாசனை. அது பாட்டுக்கு எங்கேயோ வந்துகொண்டிருந்தது.

பக்கத்து மிஷினில் யாரோ போட்டுவிட்டுப்போன வத்தல் அரைந்து முடிகிற நேரம். அண்ணாச்சி பையை உதற, நெடி ஒரு மேகமாக எழும்பியது. எல்லாரும் தும்மினார்கள். மதினிக்குக் கண்ணில் விழுந்துவிட்டது. "எய்யா, எங் கண்ணு போச்சு, தண்ணி, தண்ணி!" என்று முந்தானையால் பொத்திக்கொண்டு துள்ளினாள். "கசக்காத தாயி, அங்ஙன கொழாயி இருக்கு பாரு" என்று அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய் வாசலில் இருந்த குழாயைத் திறந்தார். மிஷின் நின்ற அந்த அமைதியில், பிளாஸ்டிக் வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தடதடவென்று. செல்வக்கனியின் வாய்க்குள், அவள் நினைக்காமலே, பியூலாவின் குரலில் ஒரு சொல் வந்தது. அப்பா.

அவள் அப்படியே நின்றாள். குழாய் விழுந்துகொண்டிருந்தது. குளிக்கும்போது அப்பா. மழைக்கு அப்பா. வீட்டுக் குழாயைத் திறந்தால் அடுப்படிக்கு ஓடிவந்து அப்பா. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, சுவரில் மாட்டியிருக்கிற எட்வின் போட்டோவைப் பார்த்துச் சொன்னாளா? போனில் அவன் முகம் வரும்போது சொன்னாளா? அவன் "அப்பாடா, அப்பாடா பியூலா" என்று கெஞ்சும்போது மேலே சுத்துகிற மின்விசிறியை அல்லவா பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லவேயில்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை. இவளுக்குத் தெரியாதா? பஸ் கண்டக்டரையும் கரண்டையும் கண்டுபிடித்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்துகொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து வாய்க்காலுக்குப் போவார்கள் மூன்று பேரும். எட்வின் தண்ணீருக்குள் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான். "அப்பாகிட்ட வா. அப்பா, அப்பா, அப்பா." தண்ணீரைக் கையால் அடித்து அடித்துக் கூப்பிடுவான். இவள் படியில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பியூலா விரலை ஆட்டுவாள். அப்போது இவள் குனிந்து அவள் காதில் சொல்வாள். என்ன சொல்வாள்? 'போலாம் போலாம்.' சொல்லிவிட்டுக் கையை விடுவாள். பிள்ளை குதிக்கும்.

போலாம் போலாம். காலையில் வகுப்பு வாசலில் பியூலா மறுபடியும் அப்பா என்றாள். "அப்பாவைத் தேடுறாளோ?" என்று கேட்டாள் சங்கரி டீச்சர். "ஆமா டீச்சர், மஸ்கட்ல இருக்காவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி, தானே சொல்லிக்கொடுத்தாள். "அப்படிச் சொன்னான்னா, 'போலாம் போலாம்'னு சொல்லிருங்க. அடங்கிருவா." டீச்சர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் எழுதினாள். அப்பா என்றால், போலாம் போலாம். அடங்கிருவா. வீட்டில் அடங்கத்தான் செய்தாள். போலாம் என்றதும் எழுந்து வாசலுக்குப் போவாள், தாழ்ப்பாளைப் பார்ப்பாள், 'அம்மா' என்பாள், கதவைப் பார்த்தபடி நிற்பாள். சத்தமே இருக்காது. இவள் அடுப்படியிலிருந்து, பிள்ளை அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். அடங்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. அடங்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதமாக அந்தக் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்றைக்குப் பொன்னம்மாக்கா அரிசி களைந்து கொட்டியிருப்பாள். இன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர். இன்றைக்கு அம்மா இல்லை. கதவில் அம்மா இல்லை.

சங்கரி டீச்சருக்குப் போன் அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் போனைப் பைக்குள் போட்டிருப்பார்கள், அதுதான், வேறொன்றும் இல்லை. மறுபடி அடித்தாள். முழு மணியும் போய்க் கட்டாகியது. "எட்டி, ஒன் வத்தலுதான் அடுத்து!" என்று மதினி ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கத்தியது பின்னால் கேட்டது. எப்போது மில்லை விட்டு இறங்கினாள், எப்போது ஓட ஆரம்பித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. செருப்பு வார் அறுந்து ஒன்று நின்றுவிட்டது. இன்னொன்றையும் உதறிவிட்டாள். டீக்கடையில் யாரோ, "ஏம்மா, என்னம்மா?" என்றார்கள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இருக்காது, முன்வாசல் கேட்டில் நான் போய் நிற்கும்போது பியூலா பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள், பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, 'பாத்தீங்களா, ஒரு மணி நேரம் பொறுக்கலயே ஒங்களுக்கு' என்பார்கள், நான் வெட்கப்பட்டு நிற்பேன், கர்த்தரே, நான் வெட்கப்பட்டு நிற்க வேண்டும், ஊரே சிரிக்க வேண்டும். பாலம் வந்தது. வாய்க்காலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். ஒரு வாழைமட்டை மிதந்து போனது. அது வேகமாகப் போனது, மனுஷன் நடக்கிறதைவிட வேகமாக. இந்தத் தண்ணீர் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் இருந்துதான் வருகிறது. வாழைமட்டைதான். மறுபடி பார்த்தாள். வாழைமட்டைதான். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. இடைவேளை. பிள்ளைகளின் கூச்சல் ஒரேயடியாக எழும்பியது. அந்தக் கூச்சலுக்குள் ஒரு பிள்ளை கத்தினாலும் கேட்காது. அவள் பிள்ளை கத்தவும் மாட்டாள். அவளுக்குக் கத்த என்ன வார்த்தை இருக்கிறது? எந்த வார்த்தையைக் கத்தினால் யாருக்குப் புரியும்?

மூன்றாம் வகுப்பில் ஆள் இல்லை. பெஞ்சில் பென்சில்கள் வரிசையாக அடுக்கி இருந்தன, ஏழு பென்சில், எட்டாவதற்கு இடம் விட்டு. நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. செல்வக்கனி வராந்தாவைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் பியூலாவின் செருப்பு, இரண்டும் ஒட்டினாற்போல், எப்போதும் கழற்றி வைக்கிற மாதிரி ஒழுங்காக. பக்கத்தில் பெரிய செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் ஜோடி நாலடி தள்ளி, கதவுக்கு வெளியே.

முதலில் சத்தம்தான் கேட்டது. "கரண்டு வந்துட்டு, கரண்டு வந்துட்டு." படித்துறையின் மூன்றாவது படிக்குக் கீழே, மார்பளவு தண்ணீரில் பியூலா இருந்தாள். தண்ணீர் அவளை ஒரு துணியை இழுக்கிற மாதிரி கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது. காலே தரையில் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சங்கரி டீச்சர் படியில் குப்புறக் கிடந்தாள். ஒரு கை துவைகல்லைக் கட்டிப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் பியூலாவின் மணிக்கட்டு. டீச்சருக்குக் குரல் போயிருந்தது. எவ்வளவு நேரம் கத்தினாளோ.

செல்வக்கனி இறங்கினாள். பிள்ளையின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் படியில் தூக்கிப் போட்டாள். மூன்று பேரும் படியிலேயே கிடந்தார்கள். டீச்சரின் விரல்கள் இன்னும் அந்த மணிக்கட்டை விடவில்லை. இவள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

"போலாம்னுதாம்மா சொன்னேன்" என்றாள் டீச்சர். பல் தந்தியடித்தது. "எந்திரிச்சு வந்தா. சரி, எங்க போறான்னு பாப்போம்னு கூடவே வந்தேன். நோட்டுல எழுதியிருந்தீங்கள்ல... கையை விடல. நான் கையை விடலம்மா."

"ஆமா டீச்சர்" என்றாள் செல்வக்கனி. "விடல. நீங்க விடல."

பியூலா எழுந்தாள். நனைந்த பாவாடையோடு நின்று தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பது எப்போதாவதுதான். "அம்மா" என்றாள்.

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தீங்களா! உங்களைக் கூப்பிடுறா! கூப்பிடவே மாட்டான்னு சொன்னாங்களே!"

செல்வக்கனி தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு அந்த டீச்சர் பெண்ணிடமிருந்து எதையும் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. மஸ்கட்டில் ஒரு மனுஷனிடமிருந்து பிடுங்க வேண்டியதே பாக்கி இருக்கிறது.

கதவுக்கு உள்ளே வந்து, மூன்று பேரும் வந்தாயிற்று என்று பார்த்துக்கொண்டு, இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தண்ணீர் மறைந்தது. சத்தம் மட்டும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பியூலா கதவுக்குப் போய் இரண்டு உள்ளங்கையையும் இரும்பில் வைத்தாள். காதையும் வைத்தாள். விரல்கள் ஆட ஆரம்பித்தன.

"டீச்சர்" என்றாள்.

பின்னால் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த சங்கரி டீச்சர் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்தது. "இங்கதான்டா இருக்கேன் பியூலா."

பியூலா திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்குள் சொன்னாள், மெதுவாக, ஆசையாக: "டீச்சர்கிட்டப் போலாம். போலாம் போலாம்."

செல்வக்கனி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.